ஊக்கும் கையும் ஊங்கும் மனமும்

இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருள் எது, உரியதல்லாத பொருள் எது என்பதற்கு எழுதப்படாத வரையறை ஒன்று தமிழுலகில் வழங்கி வருகின்றது. காதலும் வீரமும் பத்தியும் உரியவை. சந்தையும் கூத்தும் இராட்டினமும் உரியவை அல்ல என்பது அவ்வரையறை. இராட்டினம் என்ற சொல்லைக் கேட்டதும், ‘அது சிறுவர் விளையாட்டு, காசு கொடுத்துத் தலைசுற்றலை விலைக்கு வாங்கும் பேதைமை’ என்று பேச்சை முடித்துவிடுவோர் கற்றாருள்ளும் பலர் உளர்.

ஆயினும் இப்பேதைமையை வாழ்நாள் ஈடுபாடாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். ரோலர் கோஸ்டர் ஆர்வலர்க்கென்றே அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. கேளிக்கைப் பூங்காக்களைத் தேடிச் செல்லும் ஆர்வலருள் ஒரு சாரார், உயரமும் வேகமும் மிக்க பொறிகளைவிடச் சுழன்று பறக்கும் இராட்டினங்களையே பெரிதும் விரும்புகின்றனர். அவற்றுள்ளும் அவர்கள் தனியிடம் தந்து போற்றுவது ‘பறக்கும் ஸ்கூட்டர்’ என்னும் பழைய பொறியாகும். நடுவே ஒரு தூண்; அதன் உச்சியிலிருந்து நாற்புறமும் நீளும் கைகள்; ஒவ்வொரு கையிலிருந்தும் எஃகுக் கயிறுகளால் தொங்கும் ஒரு சிறு தொட்டி. தொட்டியின் முன்புறத்தில் பாய்மரம் போன்றதொரு தகடு நிற்கும். தூண் சுழலும்போது அமர்ந்திருப்பவர் அத்தகட்டைக் கையால் இடமும் வலமும் திருப்பலாம். திருப்பும் திசைக்கேற்பக் காற்று தொட்டியை வெளியே வீசும். அல்லது உள்ளே தள்ளும்.

இதனை நாடித் தொலைதூரம் பயணம் செய்வோர் உண்மையில் எதனை நாடுகின்றனர்? அச்சத்தையா, தலைசுற்றலையா, வேறொன்றையா? இவ்வினாவிற்குப் பழந்தமிழ் இலக்கியத்தில் தெளிவான விடை உண்டு என்பதும், அவ்விடை தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன்படும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஒரு திடலும் இருவகைப் பறத்தலும்

சிங்கப்பூரில் இவ்வினாவை எழுப்புவதற்கு ஃபேரர் பார்க்கைவிடப் பொருத்தமான இடம் பிறிதில்லை. இன்று ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் குதிரைப் பந்தயத் திடல், 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறும்வரை இங்குத்தான் இருந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டு விமானி சிங்கப்பூரின் முதல் விமானப் பறத்தலை நிகழ்த்திக் காட்டியது இத்திடலில்தான்.

1919ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் மற்றொரு விமானம் இங்கு இறங்கியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகப் பறந்து சென்ற ராஸ் ஸ்மித் குழுவினரின் விமானம் அது. திடலோ சிறியது, விமானமோ பெரியது. நிலத்தைத் தொட்டபின் நெடுந்தொலைவு ஓடாமல் அதனை நிறுத்தியாக வேண்டும். குழுவிலிருந்த பென்னட் என்னும் இயந்திர வினைஞர் தம் இடத்தை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் ஊர்ந்து வாற்பகுதியை அடைந்தார். அவருடைய எடையால் வால் தாழ்ந்தது. விமானமும் குறுகிய தொலைவில் நின்றது. பொறி எவ்வளவு பெரியதாயினும், அதனை அடக்குவதற்கு ஒரு மனிதனின் உடலும் துணிவும் வேண்டியிருந்தன என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. இக்கருத்துப் பின்னரும் தேவைப்படும்.

முதற்பறத்தல் நிகழ்ந்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள், 1923இல், அத்திடலுக்கு அண்மையில், ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில் ‘நியூ வோர்ல்டு’ என்னும் புது உலகம் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனைத் தோற்றுவித்தனர். சீன நாடகமும் மலாய் பங்சாவானும் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் நடன அரங்கும் திரைப்படமும் இராட்டினங்களும் ஒரே வளாகத்தில் இருந்தன. பல இனத்து உழைப்பாளிகளும் மாலை வேளைகளில் தோளோடு தோள் உரச நடந்த இடம் அது. மெய்ப்பறத்தலைக் கண்டு வியந்த ஊர், விளையாட்டுப் பறத்தலுக்கும் இவ்வாறு இடமளித்தது.

அப்பூங்கா 1987ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2009இல் அவ்விடத்தில் ஒரு பேரங்காடி எழுந்தது. பழைய நுழைவாயில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு அதனருகே நிற்கின்றது. பீட்டி சாலையில் அமைந்த உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. தமிழ் பயிலும் மாணவர்க்கும் இராட்டினத்தின் நினைவுச் சின்னத்திற்கும் இடையே சில தெருக்களே உள்ளன.

நற்றிணைச் சிறுமி

திருவிழாவில் ஊசலாடும் காட்சி சங்க இலக்கியத்திலேயே உண்டு. நற்றிணையின் 90ஆம் பாடல் அஞ்சில் அஞ்சியார் பாடியது. ஊரில் விழா. ஆடை வெளுக்கும் பெண் ஓய்வின்றி உழைக்கின்றாள். விழாவுக்கு உடுப்போர் பலராதலின் அவள் கைக்கு ஓய்வில்லை. அவள் கஞ்சியிட்டு வெளுத்துத் தந்த ஆடையை உடுத்து, மாலை அசைய ஓடி வருகின்றாள் ஒரு சிறுமி. வறிய தாயின் மகள். சில வளையல்களே அணிந்தவள். பனையில் கட்டிய பெருங்கயிற்றில் ஊசல் தொங்குகின்றது. தோழியர் அவளை ஏற்றி ஆட்டிவிடுகின்றனர். அவளோ ஆடவில்லை, அழுதுகொண்டு அகன்று விடுகின்றாள்.

மருதத் திணைப் பாடலாதலின் இக்காட்சி தலைவனின் ஒழுக்கத்தை இடித்துரைக்கும் நோக்கத்தோடு வருகின்றது. அச்சிறுமி யார், அவள் அழுதது ஏன் என்பதில் உரையாசிரியரிடையே கருத்து வேறுபடலாம். ஈண்டு நோக்கத்தக்கவை புலவர் ஆளும் இரு வினைச்சொற்கள். தோழியர் செய்தது ‘ஊக்குதல்’. சிறுமி செய்யாதது ‘ஊங்குதல்’. தூங்கு, தூக்கு எனவும் இயங்கு, இயக்கு எனவும் வருவன போலவே ஊங்கு தன்வினை, ஊக்கு பிறவினை. ஊங்குதல் தான் ஆடுதல்; ஊக்குதல் பிறரை ஆட்டுதல்.

இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து நிறுத்தி, முன்னது நிகழ்ந்தும் பின்னது நிகழவில்லை என்கிறார் புலவர். தள்ளுவார் இருந்தால் மட்டும் ஊசல் ஆடிவிடாது. அமர்ந்திருப்பவரின் உடலும் உள்ளமும் அத்தள்ளலை ஏற்று முன்செல்ல வேண்டும். ஊசலில் ஆடிப் பழகிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். கால்களை நீட்டியும் மடக்கியும், உடலைச் சாய்த்தும் நிமிர்த்தும் குழந்தை துணைசெய்யும்போதுதான் ஊசல் உயரே செல்கின்றது. இவ்வறிவை இரண்டு வினைச்சொற்களுக்குள் அடக்கிக் காட்டிய மொழி தமிழ்.

‘ஊக்கம்’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்தே கிளைத்தது. திருக்குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். ஊசலை முன்தள்ளும் செயலைக் குறிக்கும் சொல்லே, மனத்தை முன்தள்ளும் ஆற்றலையும் குறிப்பதாயிற்று. ஆர்வலர் என்று பிற மொழியினர் குறிக்கும் மனிதரைத் தமிழர் ‘ஊக்கமுடையார்’ என்று சொன்னால், அச்சொல்லுக்குள்ளேயே ஓர் ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்.

கலித்தொகைத் தலைவி

கலித்தொகையின் 37ஆம் பாடலில் கபிலர் படைக்கும் தலைவி, நற்றிணைச் சிறுமிக்கு நேர் எதிரானவள். தினைப்புனம் காக்கும் அவளைக் காண ஓர் இளைஞன் நாள்தோறும் வருகின்றான்; நிற்கின்றான்; உள்ளத்தில் உள்ளதைச் சொல்லாமலே போய்விடுகின்றான். ஒருநாள் அவள் புனத்தருகே ஊசலில் இருக்கும்போது அவன் வர, தன்னைச் சிறிது ஊக்கிவிடும்படி அவளே கேட்கின்றாள். அவன் ஆட்டுகின்றான். அவள் கைநெகிழ்ந்தவள்போல் பொய்யாக அவன் மார்பில் விழுகின்றாள். அவன் அதனை மெய்யென்று எண்ணித் தாங்கிக்கொள்கின்றான். விழித்தால் விலக்கி அனுப்பிவிடுவானே என்று அவள் மயங்கியவள்போலவே கிடக்கின்றாள். இவற்றையெல்லாம் தோழியிடம் அவளே கூறுகின்றாள்.

இப்பாடலின் அழகு, ஆட்டுபவன் யார், ஆடுபவள் யார் என்னும் கணக்கு தலைகீழாவதில் இருக்கின்றது. வெளித்தோற்றத்தில் அவன் ஊக்குகின்றான், அவள் ஊங்குகின்றாள். உண்மையில் ஊசலின் ஒவ்வொரு அசைவையும் முடிவு செய்தவள் அவள்தான். எப்போது கேட்பது, எப்போது பிடியை விடுவது, எவ்வளவு நேரம் கண்மூடிக் கிடப்பது எனும் மூன்றும் அவளுடைய தேர்வுகள். விழுதலின் அச்சத்தைக்கூட அவள் தன் கைப்பொருளாக்கிக் கொள்கின்றாள். ஊசலின் இன்பம் அச்சத்தில் இல்லை. அச்சத்தை ஆளும் கை தன் கையாக இருப்பதில் உள்ளது என்று கபிலர் காட்டிவிட்டார். பறக்கும் ஸ்கூட்டரின் தகட்டைப் பிடித்திருக்கும் ஆர்வலரும் இதனையே உணர்கின்றார்.

அசையாத ஊசல்கள்

இத்துணை உயிர்ப்போடு தொடங்கிய ஊசற்பாட்டு, பிற்காலத்தில் என்னவாயிற்று? சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல்வரி வருகின்றது. மகளிர் ஆடிக்கொண்டே சேரன் புகழைப் பாடுகின்றனர். அங்கே ஊசலின் தாளம் பாட்டில் ஒலிக்கின்றது. மாணிக்கவாசகரின் திருப்பொன்னூசலில், பவளக் கால்களும் முத்துக் கயிறும் பொற்பலகையும் உடைய ஊசல், இறைவனைப் பாடுவதற்குரிய இடமாகின்றது. உருக்கமே அதன் உயிர். பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் ஊசற் பருவம் அமைந்தது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் அப்பருவத்தோடுதான் நிறைவெய்துகின்றது. ஈழத்தில் கோயில்தோறும் ஊஞ்சல் என்னும் சிற்றிலக்கியம் பெருகிற்று.

சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தின் தொடக்கத்திலும் ஓர் ஊஞ்சல் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. ந. சதாசிவ பண்டிதர் 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அச்சிட்ட நூல்களுள் சிங்கைநகர் அந்தாதியோடு வண்ணைநகர் ஊஞ்சலும் இடம்பெற்றது. இம்மண்ணின் தமிழ் அச்சு வரலாற்றின் வாயிலிலேயே ஊசல் தொங்குகின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும் இவ்விலக்கிய வகையைப் பொதுவாக நோக்கும்போது ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலாது. பெரியோர் வகுத்த பவளக் காலும் முத்துக் கயிறும் பின்வந்தோர்க்கு வாய்பாடாகிவிட்டன. வேதங்கள் கால்களாயின; ஆகமங்கள் கயிறுகளாயின. ஊசலின் உறுப்புகளுக்கு உவமை தேடுவதிலேயே புலமை செலவாயிற்று. ஊசல் முன்செல்லும்போது முகத்தில் படும் காற்றும், பின்வரும்போது வயிற்றில் எழும் கூச்சமும், உச்சியில் ஒரு நொடி எடையற்றுப்போகும் உடலும் பாட்டிலிருந்து மறைந்தன. ஆடுவார் சிலைபோல் வீற்றிருக்க, பாடுவார் அணிகலன்களை எண்ணிக்கொண்டிருந்தனர். ‘ஆடீர் ஊஞ்சல்’ என்ற ஏவல் மிஞ்சிற்று; ஆட்டம் நின்றது. நற்றிணைச் சொல்லிற் கூறினால், ஊக்குதல் மட்டும் நிகழ்ந்து ஊங்குதல் நிகழாமற் போயிற்று.

பத்திப் பாடல்களில் இதனை எதிர்பார்ப்பது முறையோ என்று வினவலாம். இறைவனை ஊசலில் இருத்திப் பாடுவோர்க்கு உடலனுபவம் நோக்கமன்று என்பது உண்மையே. ஆனால் ஒரு விளையாட்டைக் கருவியாகக் கொள்ளும் இலக்கியம், அவ்விளையாட்டின் இயல்பை மறந்துவிட்டால் கருவியும் மழுங்கும் என்பதும் உண்மையே. திருப்பொன்னூசல் நிலைத்தது அதன் உருக்கத்தால். அதனைப் பார்த்துச் செய்தவை பல அடங்கிப்போனது அவ்வுருக்கமும் ஆட்டமும் இரண்டும் இல்லாமையால்.

விசயையின் மயிற்பொறி

சுழற்றிப் பறக்கும் பொறியைக் கற்பனையில் கண்டவர் திருத்தக்கதேவர். சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்ததும் அதே 1887ஆம் ஆண்டில்தான். தீய கனவின் பயனை உணர்ந்த சச்சந்தன், மனைவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு வானூர்தி செய்விக்கின்றான். கிழிந்த துணியும் பயினும் நூலும் அரக்கும் மெழுகும் கொண்டு ஏழு நாளில் தச்சன் அதனைச் செய்து முடிக்கின்றான். திருத்தக்கதேவர் பொருள்களைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றார். இயக்கும் முறையையும் சொல்கின்றார். விசையை வலப்புறம் திருப்பினால் மயில் மேகத்தைக் கிழித்துப் பறக்கும். இடப்புறம் திருப்பினால் கால்குவித்து இறங்கும். அதனைத் திருப்பும் விரல் அரசியின் விரல். யாழ் நரம்பில் பழகிய விரல், பொறியிலும் பழகுகின்றது.

கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது, நிறைசூலியான விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகின்றாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, அவள் மயங்குகின்றாள். பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான். அமைதிக் காலத்தில் வானத்தில் வட்டமிட்டுப் பழகியிராவிடில் காப்பியத் தலைவனே இல்லை. கைபழகுதற்கு நிகழ்ந்த பறத்தல் உயிர்காக்கும் பறத்தலாயிற்று. கேளிக்கைக்கும் பயிற்சிக்கும் இடையே கற்றோர் எழுப்பும் மதிலைத் திருத்தக்கதேவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்டார் எனலாம்.

பொறியும் கையும்

மேலை நாட்டில் இவ்வரலாறு எதிர்த்திசையில் சென்றது. துப்பாக்கியால் பெயர்பெற்ற ஹைரம் மாக்சிம், விமானம் செய்ய முயன்றவர்களுள் ஒருவர். 1894இல் அவர் செய்த நீராவி விமானம் தண்டவாளத்தினின்றும் சற்றே மேலெழுந்து, காப்புத் தண்டவாளத்தை முறித்துச் சிதைந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டி 1904இல் அவர் கேளிக்கைப் பூங்காக்களுக்கென ஒரு சுழற்பொறி அமைத்தார். கம்பிகளில் தொங்கும் படகுகள், நடுத்தூண் சுழலும்போது வெளியே வீசிப் பறக்கும். இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் நிறுவப்பட்ட அப்பொறி நூறாண்டு கடந்தும் இயங்கியது. அமர்ந்திருப்போரே திசைதிருப்பும் சிறகுகளைப் பொருத்த மாக்சிம் எண்ணினார். பாதுகாப்புக் கருதி அது கைவிடப்பட்டது. கைக்கு வேலையற்ற அப்பொறியை அவரே வெறும் அலங்கார இராட்டினம் என்று மதித்தார். விமானத்திற்கும் இராட்டினத்திற்கும் உள்ள வேறுபாடு உயரத்தில் இல்லை, கையில் இருக்கின்றது என்பதை ஆக்கியவரே உணர்ந்திருந்தார்.

1930களில் அமெரிக்காவின் ஆல்வின் பிஷ் உருவாக்கிய பறக்கும் ஸ்கூட்டர், மாக்சிம் இழந்ததை மீட்டுத் தந்தது. பென்சில்வேனியாவின் நோபல்ஸ் பூங்காவில் பழைய பொறியொன்று ஆர்வலர்களின் யாத்திரைத் தலம்போல் விளங்கி வந்துள்ளது. தகட்டைக் காலமறிந்து திருப்பினால் தொட்டி முதலில் வெளியே உயர்ந்து, பின் உள்நோக்கிப் பாயும். கயிறு ஒரு கணம் தளர்ந்து மறுகணம் விறைக்கும். சவுக்கடி போன்ற ஓசை எழும். அவ்வோசையை எழுப்பும் திறனை ஆர்வலர்கள் பயின்று பெறுகின்றனர். ஒரே பொறியில், ஒரே நேரத்தில், ஒருவர் ஓசையின்றிச் சுற்றிவர, அடுத்த தொட்டியிலிருப்பவர் வானத்தை அறைந்துகொண்டு வருவார்.

சங்கிலிகளில் இருக்கைகள் தொங்கும் குடை இராட்டினத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குடை இராட்டினத்தில் இருக்கை எவ்வளவு சாயும் என்பது சுழலும் வேகத்தையும் வட்டத்தின் அகலத்தையுமே பொறுத்தது. அமர்ந்திருப்பவரின் எடையைப் பொறுத்ததன்று. பருத்த தந்தையும் மெலிந்த மகளும் அடுத்தடுத்த இருக்கைகளில் ஏறக்குறைய ஒரே சாய்வில் பறப்பர். ஆளில்லா இருக்கையும் அவ்வாறே சாயும். இதில் ஓர் அழகிய சமன்மை உண்டு. செல்வர்க்கும் வறியவர்க்கும், கஞ்சியிட்ட ஆடை உடுத்த சிறுமிக்கும் ஒரே சாய்வு. ஆனால் ஆளில்லா இருக்கையும் அதே சாய்வில் பறக்கும் என்பது சிந்திக்கத்தக்கது. அங்கே பொறி ஊக்குகின்றது. ஊங்குபவர் இருப்பினும் இல்லாவிடினும் பொறிக்கு ஒன்றே. பறக்கும் ஸ்கூட்டரிலோ, ஆளில்லாத் தொட்டி ஒருபோதும் அவ்வோசையை எழுப்பாது.

2008இல் மரினா கரையில் எழுந்த 165 மீட்டர் உயரச் சக்கரத்திற்குச் சிங்கப்பூர் ஃப்ளையர் என்று பெயர். பறப்பது என்பது பெயரில் இருக்கின்றது. ஏறியவர் கண்ணாடி அறையில் நின்று நகரைக் காண்பதே அங்கு நிகழ்வது. அது நல்ல காட்சி. இக்கட்டுரை கூறும் பறத்தல் அதுவன்று.

மறுப்பும் விடையும்

இவ்வார்வத்தைக் குறைகூறுவோர் மூன்று காரணம் காட்டலாம். முதலாவது, ஆபத்து. கயிற்றை அளவின்றி அறையச் செய்வது பொறியைத் தேய்க்கும்; அதனால் வேகத்தைக் குறைத்து அதனைத் தடுக்கும் பூங்காக்களும் உண்டு. இம்மறுப்பு ஏற்கத்தக்கது. கை தன்னுடையதாயினும் பொறி பொதுவுடைமை என்பதை ஆர்வலர் மறத்தலாகாது. விசயையின் மயிலும் வலமும் இடமும் அறிந்து திருப்பப்பட்டதே.

இரண்டாவது, பயனின்மை. சுற்றிச் சுற்றி வந்து ஏறிய இடத்திலேயே இறங்கும் பயணத்தால் என்ன பயன் என்பர். ஊசலும் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகின்றது. ஆயினும் கலித்தொகைத் தலைவி இறங்கும்போது ஏறியவளாக இல்லை. கவிதையும் படித்தவரை அவருடைய நாற்காலியிலேயே விட்டுச் செல்கின்றது. பயன் தொலைவால் அளக்கப்படுவதன்று.

மூன்றாவது, வணிகம். இன்பத்தை நுழைவுச்சீட்டாக விற்கின்றனர் என்பர். உண்மைதான். நியூ வோர்ல்டும் வணிகமே. ஆனால் நற்றிணைப் பாடலில் விழா ஆடையை வெளுக்கும் பெண்ணின் ஓயாத கைகளைப் புலவர் மறைக்கவில்லை. ஒருவரின் கேளிக்கைக்குப் பின்னே இன்னொருவரின் உழைப்பு இருப்பதை அஞ்சில் அஞ்சியார் கண்டு சொன்னார். இராட்டினத்தைப் பற்றி எழுத முன்வருவோர் மேற்கொள்ள வேண்டிய நெறி அதுவே: ஏறுபவரையும் எழுதுக; சீட்டுக் கிழிப்பவரையும் விசையை இயக்குபவரையும் எழுதுக. வெறுத்து ஒதுக்குவதால் வணிகம் ஒழியாது. அங்கு வாழ்ந்த மனிதரின் நினைவே ஒழியும்.

அறுபதாண்டுகளுக்கு மேல் மாலைதோறும் மக்களை ஈர்த்த ஒரு வளாகத்தின் நினைவைத் தமிழில் நிலைநிறுத்துவது, கண்டவர்களும் கேட்டவர்களும் உயிரோடிருக்கும் காலத்தில்தான் இயலும். 1987இல் மூடிய பூங்காவில் சிறுவராய் ஏறியவர்கள் இன்று முதுமையின் வாயிலில் நிற்கின்றனர்.

வகுப்பறை ஊசல்

நிறைவாக, நற்றிணைச் சிறுமி ஆசிரியர்க்கு ஒரு செய்தி வைத்திருக்கின்றாள். தமிழ் வகுப்பில் ஊக்குதலுக்குக் குறைவில்லை. பெற்றோர் ஊக்குகின்றனர், ஆசிரியர் ஊக்குகின்றனர், தேர்வும் பரிசும் போட்டிகளும் ஊக்குகின்றன. எத்தனை கைகள் தள்ளியும் மாணவர் சிலர் ஊங்காமல், வெளியே சொல்லாத அழுகையோடு மொழியை விட்டு அகன்றுவிடுகின்றனர். அப்போது இன்னும் வலுவாகத் தள்ள வேண்டும் என்று எண்ணுவதே வழக்கமாக இருக்கின்றது. தோழியர் வலுவாகத் தள்ளியிருந்தால் அச்சிறுமி ஆடியிருப்பாளா?

அவளுக்கு வேண்டியிருந்தது மற்றொரு தள்ளலன்று. தானே திருப்பத்தக்க ஒரு தகடு. மாணவர்க்குத் தமிழில் அத்தகடு எது? தாம் விரும்பும் பொருளைத் தாமே தேர்ந்து எழுதும் உரிமை அது. அப்பொருள் இராட்டினமாக இருந்தாலும் முகம்சுளிக்காமல் திருத்தித் தரும் ஆசிரியர் வேண்டும். வட்டத்தில் சுழலும் இருக்கை ஏன் சாய்கின்றது என்பதைத் தமிழில் விளக்க முயலும் மாணவன், ‘விசை’, ‘சாய்வு’, ‘வட்டம்’ ஆகிய சொற்களை மனப்பாடமாக அன்றித் தேவையாக அறிந்துகொள்வான். வயிற்றில் எழுந்த கூச்சத்தைத் தமிழில் சொல்லத் தேடும் மாணவி, பவளக் காலும் முத்துக் கயிறும் போதா என்பதைத் தானே கண்டுகொள்வாள்.

ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை ஃபேரர் பார்க்கில் நிற்கும் பழைய நுழைவாயிலுக்கு ஒரு மாலை அழைத்துச் செல்வாராக. நற்றிணைச் சிறுமி, கலித்தொகைத் தலைவி, விசயை ஆகிய மூவரின் கதைகளையும் அங்கே நின்று சொல்வாராக. பின்னர், தாம் ஏறிய ஏதேனும் ஓர் ஊசலைப் பற்றியோ இராட்டினத்தைப் பற்றியோ ஒரு பக்கம் எழுதச் சொல்வாராக. தள்ளியவர் யார், ஆடியவர் யார் என்ற வினாவை மட்டும் கொடுத்துவிட்டு, திருத்தும் கோலைச் சிறிது நேரம் பையிலேயே வைத்திருப்பாராக.